டிஸ்னி வேர்ல்டில் ஒரு நாள்: டிக்கெட்டுக்கே 400 டாலர்... ஆனா ஜோடி ரைடில் உட்காருவது 50 நிமிடம்தானா?

காலை 7 மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்புகிறார்கள். இரவு 11 மணிக்குக் கால் வலியோடு திரும்புகிறார்கள். நடுவில் 16 மணி நேரம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், ஆர்லாண்டோ நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போன எந்த ஜோடியைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: "நாள் போனதே தெரியலை".

சரி, அந்த நாள் எங்கே போனது?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். டிஸ்னி வேர்ல்டில் இருக்கும் 4 பூங்காக்களில் மிகவும் பழையது மேஜிக் கிங்டம். அங்கே ஒரு ஜோடி ஒரே நாளில் 8 ரைடு போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். ஸ்பேஸ் மவுன்டன் சுமார் இரண்டரை நிமிடம் ஓடும். ட்ரான் 2 நிமிடம். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட் 3 நிமிடம், செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயினும் அதே அளவுதான். ஹான்டட் மேன்ஷன் என்ற பேய் பங்களா 8 நிமிடம், பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன் 8 நிமிடம், ஜங்கிள் க்ரூஸ் படகு 10 நிமிடம், இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு 11 நிமிடம். எல்லாவற்றையும் கூட்டினால் 50 நிமிடம்கூட வராது.

2025-ல் கிறிஸ்துமஸ் போன்ற உச்ச நாட்களில் மேஜிக் கிங்டம் நுழைவுக் கட்டணம் ஒருவருக்கு 199 டாலர் வரை போனது. இரண்டு பேருக்கு கிட்டத்தட்ட 400 டாலர், வரி தனி. இவ்வளவு கொடுத்துவிட்டு 50 நிமிடம்தான் ரைடா என்று கேட்கத் தோன்றும். ஊர்வலம், வாணவேடிக்கை, வேடமிட்டவர்களோடு போட்டோ எல்லாம் டிக்கெட்டில் சேர்த்தி என்பது உண்மைதான். ஆனாலும் அந்த ஒரு நாளில் பெரும்பகுதியைச் சாப்பிடுவது ஒரே ஒரு விஷயம். க்யூ.

உள்ளே போவதற்கே ஒரு பயணம்

டிஸ்னி வேர்ல்டு மொத்தம் சுமார் 25,000 ஏக்கர். கலிஃபோர்னியாவில் 1955-ல் திறந்த முதல் டிஸ்னிலேண்டைச் சுற்றி வெளியார் ஹோட்டல்களும் கடைகளும் நெருக்கி வந்துவிட்டன. அந்த அனுபவத்தில், இந்த முறை சுற்றியிருக்கும் நிலத்தையும் சேர்த்தே வாங்கிவிட வேண்டும் என்று வால்ட் டிஸ்னி நினைத்தார். டிஸ்னி பெயர் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்பதால் வேறு வேறு கம்பெனிப் பெயர்களில் நிலம் வாங்கப்பட்டது. 1966-ல் வால்ட் இறந்துவிட, அண்ணன் ராய் டிஸ்னி வேலையை முடித்து 1971 அக்டோபர் 1-ல் மேஜிக் கிங்டத்தைத் திறந்தார். அடுத்த டிசம்பரில் அவரும் காலமானார்.

அந்தப் பரப்பளவின் விளைவை இன்றைக்கு வரும் ஜோடி காலையிலேயே உணரும். மேஜிக் கிங்டத்தின் கார் பார்க்கிங் ஒரு செயற்கை ஏரியின் இந்தக் கரையில், பூங்கா அந்தக் கரையில். காரை நிறுத்தி, பை சோதனை முடித்து, மோனோ ரயிலோ ஃபெர்ரி படகோ பிடித்து மறுகரைக்குப் போனால்தான் வாசல். "9 மணிக்குத் திறக்கிறாங்க, எட்டே முக்காலுக்குப் போனா போதும்" என்று நினைக்கும் ஜோடி அங்கேயே தோற்றுவிடும்.

இதில் டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு. மற்றவர்களுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே அவர்களை உள்ளே விடுவார்கள். அரை மணிதானே என்று தோன்றலாம். ஆனால் அந்த நாளிலேயே க்யூ மிகக் குறைவாக இருக்கும் அரை மணி அது. மதியம் ஒன்றரை மணி நேரம் நிற்கவேண்டிய ரைடை அப்போது பத்து, இருபது நிமிடத்தில் முடித்துவிட முடியும்.

க்யூ ஏன் இவ்வளவு மெதுவா நகருது?

தீம் பார்க் வட்டாரத்தில் எல்லோரும் எடுத்தாளும் மதிப்பீட்டின்படி, மேஜிக் கிங்டத்துக்கு 2023-ல் சுமார் 1 கோடியே 77 லட்சம் பேர் வந்தார்கள். ஒரு நாளுக்கு சராசரியாக 48,000 பேருக்கு மேல்.

ஆனால் ஒரு ரைடு ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரை ஏற்றும் என்பது மாறாத எண். பீட்டர் பான்ஸ் ஃப்ளைட் 1971-ல் இருந்து ஓடுகிறது. சின்னச் சின்னக் கப்பல்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு, மூன்று பேர். வெளியே எவ்வளவு கூட்டம் நின்றாலும் அந்தக் கப்பல் பெரிதாகப் போவதில்லை. அரை நூற்றாண்டு பழைய, வேகமே இல்லாத ஒரு ரைடுக்கு இன்றைக்கும் ஒரு மணி நேரம் நிற்பது இதனால்தான். அது ரொம்பப் பிரமாதமான ரைடு என்பதால் மட்டும் இல்லை.

இப்போது ஒரு உதாரணக் கணக்கு. ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றுகிறது. நம் ஜோடிக்கு முன்னால் 200 பேர். அப்படியென்றால் 12 நிமிடத்தில் முறை வந்துவிட வேண்டும். ஆனால் பக்கத்தில் இன்னொரு வழி இருக்கிறது. காசு கொடுத்தவர்கள் வரும் வழி. 1,000 இடத்தில் 700 இடம் அந்த வழிக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், சாதாரண க்யூவுக்கு மிஞ்சுவது 300. அதே 200 பேர் நகர இப்போது 40 நிமிடம் ஆகும். முன்னால் நிற்கும் கூட்டம் ஒரு ஆள்கூட அதிகமாகவில்லை. காத்திருப்பு மட்டும் மூன்று மடங்குக்கு மேல் போய்விட்டது.

திருமலைக்குப் போனவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சர்வ தரிசனம் ஒரு வரிசை, 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் இன்னொரு வரிசை. சன்னதி ஒன்றுதான்.

கூப்பன் போய் க்யூ வந்த கதை

ஆரம்பத்தில் டிஸ்னியில் இப்படி இல்லை. உள்ளே நுழைய ஒரு கட்டணம், ரைடுகளுக்குத் தனியாகக் கூப்பன் புத்தகம். ஏ முதல் ஈ வரை 5 வகைக் கூப்பன்கள். ஏ என்றால் சின்ன ரைடு, ஈ என்றால் டாப் ரைடு. ஒரு புத்தகத்தில் ஈ கூப்பன்கள் சில மட்டுமே இருக்கும் என்பதால் யோசித்து யோசித்துத்தான் கிழிப்பார்கள். விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு, 1983-ல் தன் ராக்கெட் பயணத்தை இந்த 'ஈ டிக்கெட்'டோடுதான் ஒப்பிட்டார். அமெரிக்கர்கள் வாயில் அந்த வார்த்தை அந்த அளவுக்குப் புழங்கியது.

1982-ல் எப்காட் பூங்கா திறந்த காலகட்டத்தில் கூப்பன் ஒழிந்தது. ஒரே டிக்கெட், எத்தனை ரைடு வேண்டுமானாலும் போகலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூப்பன் எண்ணிக்கை செய்துகொண்டிருந்த வேலையை யாராவது செய்தாக வேண்டுமே? அதைக் க்யூ எடுத்துக்கொண்டது. அதுவரை ஒரு ரைடின் விலை பணம். அதற்குப் பிறகு அதன் விலை நேரம்.

1999-ல் ஃபாஸ்ட்பாஸ் வந்தது. இலவசம். ரைடு வாசலில் இருக்கும் மெஷினில் டிக்கெட்டைச் செருகினால் ஒரு சீட்டு வரும், மதியம் இத்தனை மணிக்கு வாருங்கள் என்று. க்யூவில் நிற்காமலே இடம் கிடைத்துவிடுகிறது, அந்த நேரத்தில் ஊர் சுற்றலாம். எல்லோருக்கும் லாபம் என்றுதான் நினைத்தார்கள்.

சிக்கல் எங்கே என்றால், சீட்டை வாங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. போய் அடுத்த ரைடு க்யூவில் நின்றார்கள். அதாவது ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு க்யூவில். உடம்பு ஒரு க்யூவில், சீட்டு இன்னொரு க்யூவில். அதுவரை கூட்டமே இல்லாமல் இருந்த ரைடுகளிலும் க்யூ நீள ஆரம்பித்தது. டிஃபங்க்ட்லேண்ட் என்ற யூடியூப் சேனல் 2021-ல் இதைப் பற்றி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலான ஆவணப்படமே எடுத்தது, கம்ப்யூட்டரில் ஒரு மாதிரிப் பூங்காவை ஓடவிட்டுப் பார்த்து.

கொரோனா காலத்தில் நிறுத்தப்பட்ட ஃபாஸ்ட்பாஸ் அப்புறம் திரும்பி வரவே இல்லை. 2021 அக்டோபரில் அதன் இடத்தில் ஜீனி ப்ளஸ் வந்தது, ஒருவருக்கு ஒரு நாளுக்கு 15 டாலர். 2024 ஜூலையில் பெயர் மாறி லைட்னிங் லேன் மல்டி பாஸ் ஆனது. இப்போது விலை நாளுக்கு நாள், பூங்காவுக்குப் பூங்கா மாறும். கூட்ட நாட்களில் மேஜிக் கிங்டத்தில் 30 டாலரைத் தாண்டும். பெயர் பெற்ற சில ரைடுகள் இதில் வராது, அவற்றுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் கடைசியில் பிரீமியர் பாஸ் என்று ஒன்றும் வந்தது. எந்த நேரத்திலும் போகலாம், முன்பதிவு வேண்டாம். மேஜிக் கிங்டத்துக்கு அப்போது அறிவித்த விலை ஒருவருக்கு 329 முதல் 449 டாலர் வரை. நுழைவு டிக்கெட் இதில் சேராது!

ஒருவிதத்தில் பார்த்தால் ஈ கூப்பன் திரும்பி வந்துவிட்டது. அப்போது கூப்பன் இல்லாதவருக்கு அந்த ரைடு கிடையாது, அவ்வளவுதான். இப்போது எல்லோருக்கும் ரைடு உண்டு. ஆனால் காசு கொடுத்தவர் மிச்சம் பிடிக்கும் நிமிடங்களைக் கொடுக்காதவர்தான் நின்று தீர்க்கிறார்.

நம்மூர் பக்கமும் இது புதிதில்லை. வொண்டர்லா பூங்காக்களில் ஃபாஸ்ட்ராக் டிக்கெட் என்று ஒன்று ரொம்ப நாளாகவே இருக்கிறது.

போனைப் பார்ப்பதா, ஜோடியைப் பார்ப்பதா?

மல்டி பாஸ் வாங்கிவிட்டால் நிம்மதி என்று நினைத்தால் அதுவும் இல்லை. டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் 7 நாளைக்கு முன்பும் மற்றவர்கள் 3 நாளைக்கு முன்பும் காலை 7 மணிக்கே ஆப்பில் உட்கார்ந்து 3 ரைடு பதிவு செய்ய வேண்டும். அன்றைக்கு முதல் ரைடு போன கையோடு இன்னொன்று பதிவு செய்யலாம். அதை முடித்ததும் இன்னொன்று. நல்ல நேரம் கிடைக்க ஆப்பைத் திரும்பத் திரும்ப ரெஃப்ரெஷ் செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கும் ஆப்பில்தான் ஆர்டர். நல்ல ரெஸ்டாரன்டில் மேஜை வேண்டுமென்றால் 60 நாள் முன்பே பதிவு. மதியத்துக்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிடும், பவர் பேங்க் இல்லாமல் போகவே கூடாது.

ஜோடியாகப் போகும்போது நடப்பது என்னவென்றால், ஒருவர் முழுநேர 'கன்ட்ரோல் ரூம்' ஆகிவிடுவார். இன்னொருவர் அவர் சொல்லும் திசையில் நடப்பார். "இப்ப கிளம்பினாதான் 2:10 ஸ்லாட்டைப் பிடிக்க முடியும்" என்று ஒருவர் இழுக்க, ஐஸ்கிரீமைப் பாதியில் போட்டுவிட்டு இன்னொருவர் ஓட, பல சண்டைகள் ஆரம்பிப்பது இங்கேதான். போகும் முன்பே ஒன்று பேசிக்கொள்வது நல்லது: கட்டாயம் போகவேண்டிய ரைடு ஆளுக்கு இரண்டு. மற்றது கிடைத்தால் கிடைக்கட்டும்.

வானிலையும் திட்டத்தைக் கலைக்கும். ஃப்ளோரிடாவில் கோடைக்கால மதியங்களில் இடி மின்னலோடு மழை வருவது வழக்கம். மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், லைட்னிங் லேன் வைத்திருந்தாலும் சரி. வெளியே இருந்த கூட்டம் மொத்தமும் கூரைக்குக் கீழே இருக்கும் ரைடுகளுக்கு வந்து நிற்கும்.

ஒன்றாக நிற்பதா, பிரிந்து போவதா?

ஜோடிகளுக்கு மட்டுமே வரும் ஒரு கேள்வியும் இருக்கிறது. அதுதான் சிங்கிள் ரைடர் க்யூ.

அனிமல் கிங்டம் பூங்காவில் எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் என்ற ரோலர் கோஸ்டர் இருக்கிறது. வரிசைக்கு இரண்டிரண்டு சீட். மூன்று பேர் கொண்ட குடும்பம் வந்தால் ஒரு சீட் காலியாகப் போகும். அதை நிரப்பத் தனியாள் க்யூ ஒன்று தனியாக ஓடுகிறது. ஹாலிவுட் ஸ்டுடியோஸில் மில்லேனியம் ஃபால்கன் ரைடிலும் இது உண்டு. இதற்குக் கூடுதல் காசு கிடையாது, பெரும்பாலும் சாதாரண க்யூவைவிட வேகமாகவும் நகரும்.

நிபந்தனை ஒன்றுதான். பக்கத்துப் பக்கத்தில் உட்கார முடியாது. ஜோடியாக வந்தாலும் ஒருவர் முன் ரயிலில் முன்பின் தெரியாத ஒருவர் பக்கத்தில், இன்னொருவர் அடுத்த ரயிலில். எவரெஸ்டில் ரயில் திடீரென்று பின்னோக்கி ஓடும்போது பிடித்துக்கொள்ளக் கை இருக்காது. மில்லேனியம் ஃபால்கனில் 6 பேர் சேர்ந்து விண்கலம் ஓட்ட வேண்டும். தனியாளாகப் போனால் முன்சீட்டு பைலட் வேலை கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் பின்சீட்டு இன்ஜினியர்தான்.

மேலாண்மை அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-ல் காத்திருப்பின் உளவியல் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இந்தத் துறையில் இன்றைக்கும் எடுத்துக்காட்டப்படும் கட்டுரை. சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாமல் நிற்பது இன்னும் நீளமாகத் தெரியும் என்கிறார். தனியாக நிற்பது, கூட ஆள் இருக்க நிற்பதைவிட நீளமாகத் தெரியும் என்பதும் அவர் பட்டியலில் உண்டு. அப்படிப் பார்த்தால் தனியாள் க்யூவில் மிச்சமாகும் 30 நிமிடம் உண்மையில் 30 நிமிடம்தானா என்பது அந்த இரண்டு பேரைப் பொறுத்தது. இரண்டாவது முறை போகும் ரைடுக்கு சிங்கிள் ரைடர் நல்ல வழி. முதல் முறை போகும்போது பலர் அப்புறம் வருத்தப்படுவார்கள்.

டிஸ்னியும் மைஸ்டர் சொன்னதையெல்லாம் நன்றாகவே பயன்படுத்துகிறது. ஹான்டட் மேன்ஷனில் முதலில் ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவார்கள். சுவர்கள் நீண்டுகொண்டே போகும். ரைடு ஆரம்பித்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். ஃப்ளோரிடாவில் நடப்பது கூரை மேலே போவது மட்டும்தான், தரை அப்படியே இருக்கும். பார்க்கப்போனால் அதுவும் க்யூதான். வாசலில் '60 நிமிடம்' என்று போட்டிருக்கும் போர்டையும் அப்படியே நம்ப வேண்டாம். சில நேரம் க்யூவில் சேரும் ஒருவர் கையில் சிவப்பு அட்டை ஒன்றைக் கொடுத்து, ரைடு அருகே வாங்கி ஸ்கேன் செய்து நேரத்தை அளக்கிறார்கள். ஆனால் உண்மையான காத்திருப்பு போர்டில் இருப்பதைவிடக் குறைவாக இருப்பதே அதிகம். 60 என்று பயந்து நின்றவர் 45-ல் உள்ளே போனால் சந்தோஷப்படுவார். 45 என்று போட்டு 60 ஆனால்?

சாயங்காலத்துக்கு மேல்

திருமண நாளுக்கோ தேனிலவுக்கோ வந்திருக்கும் ஜோடி, விருந்தினர் உதவி மையத்தில் சொன்னால் சட்டையில் குத்திக்கொள்ள பேட்ஜ் தருவார்கள். இலவசம். அன்று முழுக்க ஊழியர்கள் எல்லோரும் வாழ்த்துச் சொல்வார்கள். காசு கேட்காத விஷயம் இங்கே ரொம்பக் குறைவு, விடக்கூடாது.

இருட்டியதும் கோட்டைக்கு மேலே வாணவேடிக்கை. நல்ல இடம் பிடிக்க ஒரு மணி நேரம் முன்பே மெயின் ஸ்ட்ரீட்டில் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அதுவும் ஒரு க்யூ, நகராத க்யூ. அது முடிந்ததும் பாதிக்கூட்டம் ஒரே நேரத்தில் வாசலை நோக்கித் திரும்பும். மோனோ ரயிலுக்கும் ஃபெர்ரிக்கும் காலையில் பார்த்ததைவிடப் பெரிய வரிசை. பக்கத்தில் இருக்கும் கன்டெம்பரரி ஹோட்டலில் தங்குபவர்கள் மட்டும் பத்து நிமிடத்தில் நடந்தே போய்விடுவார்கள்.

மற்றவர்களுக்கு, விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் வழி இது. வாணவேடிக்கை நடக்கும்போதே, இல்லை முடிந்த உடனே, வாசலுக்குப் போகாமல் எதிர்த்திசையில் நடக்க வேண்டும். ரைடு க்யூக்கள் அப்போது பாதியாகக் குறைந்திருக்கும். இன்னொன்று, பூங்கா மூடும் நேரம் 10 மணி என்றால் 9:59-க்கு க்யூவில் சேர்ந்தவரையும் ரைடு ஏற்றிவிட்டுத்தான் அனுப்புவார்கள். அதை முடித்து வெளியே வரும்போது மோனோ ரயில் வரிசையும் கரைந்திருக்கும்.

கடைசி ரைடாக எதைத் தேர்வு செய்வது என்பதில் ஒரு சின்ன எச்சரிக்கை. ஸ்பேஸ் மவுன்டனில் ஜோடி சீட் கிடையாது. ஒருவர் பின்னால் ஒருவராகத்தான் உட்கார வேண்டும், அதுவும் கும்மிருட்டில். ட்ரானில் பக்கத்துப் பக்கத்து பைக். தோளோடு தோள் உரசி உட்கார வேண்டுமென்றால் ஹான்டட் மேன்ஷன்தான். அங்கே வண்டியே இரண்டு பேர் அளவுக்குச் செய்தது, மெதுவாகப் போகும், 8 நிமிடம்.